எங்கள் அணியின் தலைவன் குகனுக்கு

என் செல்லத் தம்பி குகன்,

உனக்கு நான் எழுதும் முதற் கடிதம் இது. ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? நான் படிப்பிக்கிற முன்பள்ளியில் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சின்னக் கதிரைகளை அடுக்கிவிட்டு, அவற்றில் ஒன்றிலேயே இருந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை ஒரு குறையுமில்லாமல் முடிந்தது. அம்மா சாப்பிடுகிறா. நானும் சாப்பிடுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் எனக்கு இன்னும் விடியமுன்னரே முழிப்பு வந்துவிடுகிறது. இரத்தம் சுத்திகரிக்க உன்னை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போகிற நாட்கள் அல்லவா? போன வெள்ளி உடுத்துக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு, மடத்துவெளிச் சந்தி வரைக்கும் போய்விட்டேன். குறிகட்டுவானிலிருந்து வந்த பஸ் எனக்காக நின்றது.

"தங்கச்சி, ஏறேல்லையோ?" என்று கண்டக்டர் கேட்டார்.

"இல்லை அண்ணை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து குசினியில் தேத்தண்ணி வைத்தேன். அழவில்லை. சனங்கள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் போகிறார்கள். நான் ஏன் அழவில்லை என்று எனக்கே தெரியாதபோது அவர்களுக்கு என்னத்தைச் சொல்ல?

நான் எழுத வந்தது அணியைப் பற்றி. இதை வேறு ஆட்களும் வாசிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். போனில் விளையாடுகிற துவக்குச் சண்டை விளையாட்டு அது. நாலு நாலு பேராகப் பல அணிகள் விமானத்திலிருந்து ஒரு பெரிய தீவில் குதிக்கும். தீவின்மேல் ஒரு வட்டம் இருக்கும். அது சுருங்கிக்கொண்டே வரும். வெளியே நிற்பவர்கள் சாவார்கள். கடைசிவரை நிற்கும் அணிக்கு வெற்றி. எங்கள் நாலு பேரில் நீ தலைவன். நான் உன் அக்கா. மூன்றாவது ரொறன்ரோவில் இருக்கிற மாமாவின் மகன் சேந்தன். நாலாவது மாத்தறை நுவன். நாங்கள் நேரில் பார்த்தேயிராதவன். ஒருநாள் ஆட்டத்தில் தற்செயலாக எங்களோடு வந்து விழுந்து, பிறகு போகாமலே இருந்துவிட்டவன்.

சிறுநீரக வருத்தம் வருமுன் நீ நல்ல தலைவன் இல்லை, குகன். அதை உன் முகத்துக்கு நேரேயும் சொல்லியிருக்கிறேன். குறி தப்பாமல் சுடுவாய். அந்தத் துணிவில் முன்னுக்கு ஓடுவாய். ஓடிப்போய் மாட்டிக்கொண்டு, "எங்கையடா நிக்கிறியள்? வாங்கோவன்!" என்று கத்துவாய். சேந்தன் திருப்பிக் கத்துவான். எனக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியாது. வெடிச்சத்தம் அம்மாவின் காதில் விழக்கூடாது என்பதற்காக நீ இயர்போன் போட்டிருப்பாய். ஆனால் உன் கத்தல் கிணற்றடி வரைக்கும் கேட்கும். சண்டைக் காலத்தில் உன்னை வயிற்றிலும் என்னை இடுப்பிலும் வைத்துக்கொண்டு, நாங்கள் இருக்கிற இந்தத் தீவை விட்டு ஓடியவ அம்மா. அவவுக்கு முன்னால் அந்தச் சத்தத்தை வைக்க எங்கள் இருவருக்குமே மனம் வராது.

பிறகு உன் சிறுநீரகங்கள் பழுதாயின. ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றிய இடக்கையை அசைக்கக்கூடாது என்றார்கள். மணிக்கணக்காகப் படுத்திருக்க வேண்டும். நீ உள்ளே கட்டிலில், நான் வெளியே மர வாங்கில். நடுவில் ஒரு சுவர். போனைத் தலையணையில் சாய்த்து வைத்து, வலக்கையால் மட்டும் விளையாட்டில் உன் ஆளை நடத்திக்கொண்டு வந்தாய். ஓடிக்கொண்டு சுட உனக்கு இனி ஏலாது. பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் கண்மூடிப் படுத்திருப்பார்கள், கத்தவும் ஏலாது.

"நான் பாக்கிறன். நீங்கள் அடியுங்கோ" என்று முதல்நாள் சொன்னாய். ஏறக்குறைய இரகசியம் பேசுகிற குரலில். அன்றைக்குத்தான் நீ தலைவனானாய் என்று நினைக்கிறேன்.

சுட முடியாதவனுக்குப் பார்ப்பதற்கு நிறைய நேரம் இருந்தது. ஆளின் பெயரை முதல் சொல்வாய், பிறகு பக்கம், பிறகு கண்ட பொருள். "அக்கா, வலப்பக்கம், நீலக் கூரை, ரெண்டு பேர்." அவ்வளவுதான். பெயரைக் கேட்டவுடனே மற்ற இரண்டு பேரும் தங்கள் அலுவலைப் பார்ப்பார்கள். இடம் மாறுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் குண்டு இருக்கிறதா, மருந்து இருக்கிறதா என்று கேட்காமல் ஓரடி நகரமாட்டாய். நுவனுக்குத் தமிழ் அரைகுறை. அவனுக்காக இடப்பக்கத்துக்கு 'வம', வலப்பக்கத்துக்கு 'தகுண' என்று சிங்களத்தில் சொல்லப் பழகினாய். அவன் உனக்காக "பொறு, பொறு" என்று தமிழில் சொல்லப் பழகினான்.

எனக்குச் சுட வராது. ஆட்டத்தில் நான் பாரம் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் விலகிக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

"அக்கா, நீ சுடாதை. வாகனத்தை ஓட்டு" என்றாய். "பாலத்திலை அந்தக் காத்துக்கை ஸ்கூட்டி ஓடுற ஆள் நீ. உன்னை மாதிரி எங்கள் ஒருத்தருக்கும் ஏலாது. மருந்து முழுக்க நீயே வைச்சிரு. நாங்கள் விழுந்தால் நீ வரவேணும்."

அதற்குப் பிறகு விலகுகிற பேச்சே எனக்கு வரவில்லை. உன்னோடு சரிக்குச் சரி கத்துகிற சேந்தனையும் நீ அப்படித்தான் திருப்பினாய். ஒரு ஆட்டத்தில் அவன் சொல்லாமல் கொள்ளாமல் தனியே ஓடிச் செத்தான். பழைய குகன் என்றால் கிழித்திருப்பான். நீ சொன்னாய்: "மச்சான், பிழை என்ரை. நான் வீட்டுப் பக்கமே பாத்துக்கொண்டு இருந்திட்டன், உன்னைக் கவனிக்கேல்லை."

சேந்தன் உடனே, "இல்லையடா, நான்தான் சொல்லாமல் ஓடினனான்" என்றான். அவன் வாயால் அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

கடைசி மாதங்களில் நீ பேச்சைக் குறைத்தாய். "அக்கா, நான் கொஞ்சம் கண்ணை மூடுறன். நீ சொல்லு" என்பாய். உனக்குக் களைப்பு என்று நினைத்துக்கொண்டு நான் சொல்லத் தொடங்கினேன். இத்தனை சின்னப் பிள்ளைகளை ஒரு வரிசையில் நிறுத்துகிறவள், மூன்று வளர்ந்த ஆட்களுக்கு 'இடப்பக்கம் போங்கோ' என்று சொல்ல வெட்கப்பட்டேன். ஒருமுறை எல்லோரையும் வெட்டவெளிக்குக் கொண்டுபோய்ச் சாகக் கொடுத்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சேந்தன்கூட. அது எனக்கு அப்போதே விசித்திரமாக இருந்தது.

பிறகு அந்தக் காய்ச்சல். அம்புலன்ஸில் போனோம். மத்தியானம் ஒரு தாதி வெளியே வந்து என் தோளில் கை வைத்தா. நான் எழும்பி, நீ படுத்திருந்த கட்டிலுக்குக் கீழே கிடந்த உன் செருப்பை எடுத்துப் பையில் போட்டேன். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அந்த மாதிரித்தான், ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பையில் போடுவது போல.

அந்தியேட்டி கழிந்து, சேந்தன்தான் "விளையாடுவமோ மச்சாள்?" என்று கேட்டான். மூன்று பேராகப் போனோம். விமானம் தீவுக்கு மேலே பறந்தது. எங்கே குதிப்பது என்று நீதான் எப்போதும் சொல்வாய். மூன்று பேரும் காத்துக்கொண்டு இருந்தோம். ஊர் போனது, ஆறு போனது, மலை போனது. கடைசியில் விமானம் தானே எங்களைத் தள்ளிவிட்டது. கடற்கரை ஓரத்தில் விழுந்து, வட்டத்துக்குள் போய்ச்சேர முன்னமே செத்துப்போனோம்.

அதன் பிறகு சேந்தன், "இனி நான் சொல்லுறன், நீங்கள் ரெண்டு பேரும் கேளுங்கோ" என்றான். நுவன் அவனுக்குத் தெரிந்த தமிழில், "நீ சொல்லாதே. நீ கத்துற ஆள்" என்றான். சேந்தன் கத்தினான். நுவன் போய்விட்டான். நான் நடுவில் இருந்து கேட்டுக்கொண்டு இருந்தேன். எனக்குக் கோபமும் வரவில்லை, கவலையும் வரவில்லை. போனை அணைத்துவிட்டு உடுப்புத் தோய்த்தேன். கிழமைகள் போயின. எங்கள் அணி முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் நுவனிடமிருந்து செய்தி வந்தது. தன் தாயை நயினாதீவுப் புத்த விகாரைக்குக் கூட்டி வருகிறானாம். படகு ஏறமுன் குறிகட்டுவான் துறையில் எங்களைக் காண விருப்பமாம். அம்மாவிடம் சொன்னேன். அம்மா சின்னவயதில் மாத்தறையில் வளர்ந்தவ என்று உனக்குத் தெரியும், அம்மப்பாவின் கடை அங்கே இருந்த காலம். "நானும் வாறன்" என்று மட்டும் சொன்னா.

இறங்குதுறை முழுக்க வெள்ளை உடுப்புப் போட்ட யாத்திரிகர்கள். இதில் யாரென்று கண்டுபிடிப்பது? "அதிலை நிழலிலை நில்லணை" என்று அம்மாவுக்குச் சொன்னேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரிய உருவம் சட்டென்று திரும்பியது.

"அக்கா?"

என் குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டான், குகன். நான் அவனை ஒல்லியாக, துடுக்காக நினைத்து வைத்திருந்தேன். தலைமயிர் கொட்டின, வெட்கம் பிடித்த ஆள். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்குச் சிங்களம் வராது, அவனுக்குத் தமிழ் போதாது. அம்மா பேசத் தொடங்கினா. அம்மாவின் சிங்களத்தை இவ்வளவு நேரம் தொடர்ந்து நான் கேட்டதேயில்லை. வேறு யாரோ ஒரு பெண் பேசுவது போல இருந்தது.

நடுவில் அம்மா என் பக்கம் திரும்பினா.

"பிள்ளை, இவன் சொல்லுறான், தம்பி கடைசியிலை பேசாமல் இருந்தது களைப்பிலை இல்லையாம். வேணுமெண்டுதான் இருந்தவனாம்."

"என்னணை சொல்லுறியள்?"

"இவனுக்கும் சேந்தனுக்கும் சொல்லி வைச்சவனாம். 'நான் கன காலம் இருக்கமாட்டன். இனி அக்கா சொல்லுறதைக் கேளுங்கோ. பிழையெண்டாலும் கேளுங்கோ, அப்பதான் அவ சொல்லப் பழகுவா' எண்டு." அம்மா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. "எல்லாரையும் வெட்டவெளிக்குக் கொண்டுபோய் நீ சாகக் குடுத்தனியாமே? தெரிஞ்சுகொண்டுதான் உனக்குப் பின்னாலை வந்தவையாம்."

திரும்பக் கேட்கச் சொன்னேன். அம்மா திரும்பக் கேட்டா. நுவன் தலையாட்டி, "ஓம் அக்கா, ஓம்" என்றான். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன நினைக்க வேண்டும் என்று தெரியவில்லை. நீ எனக்குச் சொல்லாமல் என்னை எதற்கோ ஆயத்தப்படுத்திக்கொண்டு இருந்திருக்கிறாய். நீ சாகப்போவது உனக்குத் தெரிந்திருக்கிறது. மாத்தறையில் ஒருவனுக்கும் ரொறன்ரோவில் ஒருவனுக்கும் சொல்லிவிட்டாய். சுவருக்கு இந்தப்பக்கம் இருந்த எனக்கு ஏன் சொல்லவில்லை, குகன்?

படகுக்கு ஆட்களைக் கூப்பிட்டார்கள். நுவனின் தாய் ஒரு தொதல் இனிப்புப் பொட்டலத்தை அம்மாவின் கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றா. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா சொன்னா, "விளையாடு. ஆனால் அந்த வெடிச்சத்தம் எனக்குக் கேக்கக்கூடாது."

சேந்தனிடம் கேட்டேன், உனக்கும் தெரியுமோ என்று. "ஓம் மச்சாள். தெரிஞ்சும் அண்டைக்கு நான் சண்டை பிடிச்சிட்டன்" என்றான். நுவனிடம் அவனே பேசிச் சமாதானமானான்.

போன ஞாயிறு மூன்று பேராகத் திரும்பப் போனோம். விமானம் ஊருக்கு மேலே வந்ததும், "இதிலை குதியுங்கோ" என்றேன். இரண்டு பேரும் குதித்தார்கள். பெயர், பக்கம், பொருள். குண்டு இருக்கோ, மருந்து இருக்கோ. நல்லாகத்தான் போனது. கடைசிக்குக் கிட்ட, சேந்தன் மேட்டுக்கு அப்பால் அடிபட்டு விழுந்தான். வட்டம் அவனைத் தாண்டி உள்ளே சுருங்கிக்கொண்டு வந்தது. நுவன் அவனைத் தூக்க ஓட வெளிக்கிட்டான். மருந்து என்னிடம் இருந்தது.

"நுவன், பொறு. போகாதை" என்றேன். "சேந்தன், நாங்கள் வரமாட்டம். வந்தால் மூண்டு பேரும் முடிஞ்சுது. நீ அதிலை கிடந்து காணுறதைச் சொல்லிக்கொண்டு இரு."

அவன் மறுத்துப் பேசவில்லை. இழுத்து இழுத்துத் தவழ்ந்தபடி, எத்தனை பேர் எந்தப் பக்கத்தால் வருகிறார்கள் என்று சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டு இருந்தான். அதை வைத்துக்கொண்டு நானும் நுவனும் இரண்டாவது இடம் வரைக்கும் போனோம்.

முடிந்த பிறகு சேந்தன் சொன்னான், "பரவாயில்லை மச்சாள். குகன் இருந்திருந்தாலும் விட்டிட்டுத்தான் போயிருப்பான்."

"இல்லை" என்றேன். "அவன் வந்திருப்பான். செத்தாலும் வந்திருப்பான். நான் அவனில்லை, சேந்தன்."

என் கை நடுங்கிக்கொண்டு இருந்தது. நீ போன பிறகு என் உடம்பு தானாகச் செய்த முதற் காரியம் அந்த நடுக்கம்தான்.

"சரி" என்றான் சேந்தன். "அடுத்தது எங்கை குதிக்கிறம்? நீ சொல்லு."

குகன், நீ போன பிறகு மூன்று பேராகவே போனோம். நாலாவது இடத்தில் முன்பின் தெரியாத ஆள் வந்துவிடாமல் பூட்டி வைத்திருந்தோம். அது உன் இடம் என்று ஒருவரும் சொல்லவில்லை; ஆனால் மூன்று பேருக்கும் தெரியும். வருகிற ஞாயிறு அதைத் திறந்துவிடுவேன். யார் வந்து விழுவார்களோ தெரியாது. எந்த ஊரோ, என்ன பாஷையோ. சுட வராத ஆளாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் இடமும் வலமும் அவர்கள் பாஷையில் சொல்லப் பழகுவேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உனக்காக வெளி வாங்கில் காத்திருந்த
உன் அக்கா,
வாணி