ஒடித்த பிளம் கிளை

என் வீட்டுக்காரருக்கு, தைவானிலிருந்து துயேத் எழுதுவது. நான் சுகம். உங்கள் இடுப்புவலியும் குறட்டையும் சுகமா?

நேற்று நான் பார்த்துக்கொள்ளும் கிழவியோடு, பூப்பார்க்க மலைக்குப் போனேன். அந்தக் குளிரிலும் பிளம் மரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. நம் வியட்நாம் வழக்கப்படி புத்தாண்டுக்கென்று ஒரு கிளையை ஒடித்துவிட்டேன். காவலாள் ஓடிவந்தான்.

“யாரு ஒடிச்சது?”

கிழவி அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “நான்தான்டா. எண்பத்தெட்டு வயசு. ஜெயில்ல போட்டா சோறு ஊட்டி விடுவியா?”

சிரித்ததில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அப்புறம், “யாருக்குடி இது?” என்றாள். மகளுக்கு என்றேன். கிளையை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

நம் லுவா போனபிறகு வரும் முதல் புத்தாண்டு. அவள் படத்துக்கு முன்னால் கடையில் வாங்கிய கிளை வேண்டாம். கொல்லை மரத்தில் ஒடித்து வையுங்கள். சின்னதாக இருக்கட்டும், அவள் கைக்கு அடங்கணும்.

கிழவி கூப்பிடுகிறாள்.

துயேத்