தனியாக மாட்டிய படம்

லிந்துலை,
ஆகஸ்ட் 1961

அன்புள்ள சீதாலெட்சுமிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. இங்கே மழை விட்டபாடில்லை. குழந்தை மீனம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நான் வழக்கம்போல் பள்ளிக்கூடம், அடுப்பு, மீனம்மா என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். சென்னை வெயிலில் நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

மேற்படிப்பு முடிந்த பிறகும் இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருந்து ஆராய்ச்சி செய்யும்படி பேராசிரியை அம்மா சொல்கிறார், உங்கள் சம்மதம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். கணேசமூர்த்தியும் இருக்கப்போகிறார் என்று எதற்கு எழுதினாய்? அந்த மனிதர் இல்லாத கடிதம் ஒன்று எழுதியிருக்கிறாயா? கணேசமூர்த்தி புத்தகம் எடுத்துக்கொடுத்தார், கணேசமூர்த்தி கட்டுரையைத் திருத்தினார், கணேசமூர்த்திக்கு ரசம் பிடிக்காது. உன்னோடு படிக்கிறவருக்கு ரசம் பிடித்தால் எனக்கென்ன, பிடிக்காவிட்டால் எனக்கென்ன? எனக்கு வயிறு எரிகிறது. பூசி மெழுகி எழுத எனக்கு வராது.

அவர்மேல் மட்டும் என்று நினைக்காதே. நீ தினமும் போய்ப் பார்க்கிற அந்தச் சேரிப் பிள்ளைகள்மேலும்தான். யாருக்குச் சொறி, யார் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றான், எந்தத் தகப்பன் குடித்துவிட்டு வருகிறான், எல்லாம் உனக்குத் தெரிகிறது. மீனம்மாவுக்குக் காது குத்திய புண் ஆறிவிட்டதா என்று இந்தக் கடிதத்திலும் நீ கேட்கவில்லை. பிள்ளைகளுக்கும் வாலிபர்களுக்கும் குடும்பங்களுக்கும் சர்க்கார் என்னென்ன செய்ய வேண்டும் என்று படிக்கப் போனவள் நீ. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுப்போகிற நம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஈரத்தரையில் கிடந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டுத்தான் போனாய், அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் குடும்பத்தைப் பற்றிப் படிக்கக் குடும்பத்தை விட்டுப் போக வேண்டியிருக்கிறதே என்று நினைக்காத நாளில்லை.

நீ அனுப்பிய படத்தை மாட்டினீர்களா என்று கேட்டிருந்தாய். மாட்டினேன். உங்கள் வகுப்பே வரிசையாக நிற்கிற படம். உனக்குப் பக்கத்தில் பவுடர் பூசிக்கொண்டு அவர். அந்த மூஞ்சி என் வீட்டுச் சுவரில் எதற்கு? உன்னை மட்டும் கத்தரித்து எடுத்து, தலவாக்கலைக் கடையில் கொடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டேன். அவர் உன்னை ஒட்டி நின்றதால் உன் வலது கையும் அவரோடு போய்விட்டது. அம்மா கை எங்கே என்று மீனம்மா ஓயாமல் கேட்கிறாள்.

கோபத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். நம் லயத்து வீடுகளில் உயிரோடு இருக்கிறவர்களைத் தனியாகச் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. கல்யாணப் படமோ குடும்பப் படமோ, கும்பலாகத்தான் இருக்கும். ஒற்றை ஆளாகச் சுவரில் தொங்கினால் அவர் போய்ச் சேர்ந்தவர்.

வெள்ளிக்கிழமை காலையில் சாமி படங்களுக்குப் பூ வைத்தபோது மீனம்மா உன் படத்திலும் ஒரு செவ்வந்தியைச் செருகியிருக்கிறாள். சாயங்காலம் அவளைக் கொண்டுவந்து விட வந்தாள் பிள்ளைக்காம்பரா ஆயா ராசம்மா. ஒற்றைப் படத்தையும் பூவையும் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்துவிட்டாள். தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த பெண்கள் கூடையோடு ஓடிவந்திருக்கிறார்கள். மாயாண்டி சாவுக்கு அடிக்கிற தப்பை எடுத்து நெருப்பில் காய்ச்சவே தொடங்கிவிட்டான்.

நான் கடைக்குப் போய்விட்டு மேடேறி வருகிறேன், நம் வாசலில் கூட்டம். மீனம்மாவுக்குத்தான் என்னவோ என்று ஓடினேன். அவள் நன்றாக நின்றுகொண்டிருந்தாள். ராசம்மா என் கையைப் பிடித்து, மகராசி இப்படிப் பாதியில போயிட்டாளே வாத்தியாரய்யா என்று கதறினாள். தந்தி வந்திருக்கிறது என்றே நினைத்துவிட்டேன். அப்படியே சேற்றில் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் கணேசமூர்த்தி என் நினைவில் இல்லை, சீதா. அவள் எந்த ஊரில் வேண்டுமானாலும் இருக்கட்டும், யாரோடு வேண்டுமானாலும் பேசட்டும், இருந்தால் போதும் என்று சாமியைக் கெஞ்சினேன்.

தந்தி எங்கே என்று கேட்டபோது சுவரைக் காட்டினார்கள். நீ உயிரோடு இருக்கிறாய் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், பின்னே எதற்குத் தனியாக வெட்டினீர்கள் என்று கேட்டுவிட்டார்கள். சொல்லித்தானே ஆக வேண்டும். அழுத கண்ணைத் துடைக்காமலே சிரித்தார்கள். படிச்ச வாத்தியாரே இப்புடின்னா எங்க வீட்டு ஆம்பளைங்கள என்ன சொல்றது என்கிறாள் ராசம்மா. காய்ச்சின தப்பு வீணாகக் கூடாது என்று மாயாண்டி நாலு அடி அடித்துவிட்டுத்தான் போனான்.

ஆகையால் இதையே என் சம்மதமாக வைத்துக்கொள். அந்த ஒரு வருடமும் இருந்து படி. இந்தப் பிள்ளைகளுக்குக் காய்ந்த தரையும் பாலும் கிடைக்க யாரிடம், எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வா. எனக்குப் பொறாமை போய்விட்டது என்று எண்ணிவிடாதே. மறுநாள் காலையிலேயே திரும்பி வந்துவிட்டது.

சட்டத்தைக் கழற்றிவிட்டேன், சுவர் வெறிச்சென்று இருக்கிறது. நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். வேறு படம் ஒன்று எடுத்து அனுப்பு. தனியாக மட்டும் எடுக்காதே. எல்லோரும் நிற்கட்டும், கணேசமூர்த்தியும் நிற்கட்டும், நான் கத்தரிக்கோலைத் தொடமாட்டேன். உன் இரண்டு கையும் தெரிய வேண்டும். அவரைக் கோடியில் நிற்கச் சொல்.

என்றும் உன்,
முத்துலிங்கம்