உப்பில்லாச் சோறு

புந்தோங், ஈப்போ
13.1.2025

அன்புள்ள அண்ணிக்கு,

கலா எழுதுவது. நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன், மேலே படியுங்கள். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்பீர்கள். என் போனை தேவிஸ்ரீ எடுத்துப் படித்துவிடுகிறாள். பேசினால் கதவுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். அதனால் கச்சாங் பூத்தே கடலை, முறுக்குப் பொட்டலம் கட்டும் வேலையிடத்தில், சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். எண்ணெய்க் கறைக்குக் கோபிக்காதீர்கள்.

போன மாதம் முழுக்க அவள் தூங்கவில்லை. கூடத்துச் சுவருக்கு மஞ்சள் சாயம் அடிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டாள். இந்த மாதம் கட்டிலை விட்டு எழுவதில்லை. பதினாறு வயது மகளுக்குத் தலை சீவி விடுவதும் நான்தான். டாக்டர் பைபோலார் என்று பேர் சொல்லி இரண்டு வருடமாகிறது. அவள் அப்பா, உங்கள் தம்பி, மாதம் ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து வந்து, "புள்ளைய ரொம்ப திட்டாத லா" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டு பஸ் ஏறுகிறார்.

நான் களைத்துப்போய்விட்டேன் அண்ணி. பள்ளி விடுமுறைக்கு அவளை உங்களிடம் அனுப்பட்டுமா? என் கூடப்பிறந்தவர்கள் ஒரே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உங்களைவிட்டால் கேட்க ஆளில்லை. லித்தியம் மாத்திரையைக் காலையும் இரவும் நீங்களே கொடுங்கள். விழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

இப்படிக்கு,
கலாதேவி


தோட்டத்து வீடு, காம்பார்
29.1.2025

என் அன்புக் கலாவுக்கு,

அண்ணி ஆசியோடு எழுதுவது. பிள்ளை நன்றாக இருக்கிறாள். வந்த புதிதில் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, கோழிக்குத் தீனி போடக் கூப்பிட்டேன், வந்தாள். ரப்பர் மரமெல்லாம் போய் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைதானே, பக்கத்து வீடுகளில் வங்காளதேசத்துக் குடும்பங்கள். அந்தப் பெண்களோடு மலாய் மொழியில் சிரித்துப் பேசுகிறாள். இரவில் தூங்குகிறாள் கலா. குறட்டைகூட விடுகிறாள்.

ஒரு நல்ல செய்தி. தைப்பூசத்துக்கு நம் தோட்டத்து முருகனுக்கு அவளும் பால்குடம் எடுக்கப் போகிறாளாம். நான் தூண்டவில்லை. "அத்தை எப்படி இருக்கீங்களோ அப்படியே நானும் இருப்பேன்" என்று என்னோடு விரதம் பிடித்திருக்கிறாள். ஒரு வேளை உப்பில்லாச் சோறு, மற்ற நேரம் பால், பழம். எங்கள் அம்மா காலத்திலிருந்து இந்த வீட்டு வழக்கம். மாத்திரையை மட்டும் நான் விடவில்லை. விரதம் அதனால் கெடாது என்று நம் கோயில் பூசாரி பத்துமலை ஐயாவும் சொல்லிவிட்டார். அவள் நாக்கைக் காட்டினால் நானும் என் நாக்கைக் காட்டுகிறேன். இருவரும் சிரித்துக்கொள்கிறோம்.

உன் அண்ணி,
புஷ்பலதா


புந்தோங்
4.2.2025

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தை நின்றபடியே படித்தேன். தூங்குகிறாள் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நானும் தூங்குகிறேன் அண்ணி. ஞாயிறன்று மத்தியானம் வரை கிடந்தேன். பக்கத்து வீட்டு நவமணி கதவைத் தட்டி, "கலா, உசுரோடதான் இருக்கியா?" என்று கேட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் எவ்வளவு சுகம்!

பால்குடத்துக்கு மஞ்சள் புடவை அனுப்பியிருக்கிறேன், கட்டிவிடுங்கள். தைப்பூசத்தன்று எங்கள் வியாபாரம்தான் அதிகம், விடுப்பு கிடைக்காது. எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கலா


தோட்டத்து வீடு
20.2.2025

கலா,

ஆஸ்பத்திரியில் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நியாயம்தான். ஆனால் நடந்ததை என் வாயால் நீ கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தைப்பூசத்துக்கு முந்தின நாளே அவளுக்குக் கை நடுங்கியது. குடம் தூக்கப்போகும் பயம் என்று நினைத்தேன். ஊர்வலத்தில் நடை தள்ளாடி, பேச்சுக் குழறியது. "அருள் வந்துருச்சு லா, விடாத, அடி!" என்று மேளத்தை இன்னும் வேகமாக அடித்தார்கள். நானும் விபூதி பூசிவிட்டுக் கும்பிட்டேன் கலா. முருகன் நம் பிள்ளைமேல் இறங்கிவிட்டான் என்று அழுதேன். குடத்தோடு விழுந்து வாந்தி எடுத்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது.

உப்பு குறைந்தால் அந்த மருந்து உடம்பிலேயே தங்கி விஷமாகுமாம். ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்தேனே, என் கையாலேயே கொடுத்தேனே.

இனி அவளை என்னிடம் அனுப்பாதே. எனக்கு ஆசை இருக்கிறது, தைரியம் இல்லை. புடவையைத் துவைத்து அனுப்புகிறேன்.

புஷ்பலதா


புந்தோங்
24.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

புடவை வந்தது. பால் வாடை போகவில்லை. தேவிஸ்ரீக்குச் சிறுநீரகம் கெடவில்லை என்றார்கள். மாத்திரை அளவைக் குறைத்திருக்கிறார்கள். சில நாள் பள்ளிக்குப் போகிறாள், சில நாள் போவதில்லை.

உங்கள்மேல் கோபம் இருந்தது. ஆஸ்பத்திரியில் உங்களை அறைந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். உப்பில்லாச் சோறு என்று நீங்கள் எழுதித்தான் இருக்கிறீர்கள். உப்பைக் குறைக்கக் கூடாது என்று டாக்டர் என்னிடம் சொல்லியும் இருக்கிறார். தூங்குகிறாள் என்று படித்த பிறகு மீதி எதுவும் எனக்குள் இறங்கவில்லை. பால்குடம் என்றதும் புடவை வாங்க ஓடினேன்.

கோபத்தை வைத்துக் காப்பாற்றவும் தெம்பு வேண்டும் அண்ணி. என்னிடம் இல்லை.

நேற்று மாத்திரை விழுங்கிவிட்டு நாக்கைக் காட்டினாள். பார்த்துவிட்டு நான் அடுப்படிக்குத் திரும்பினேன். "அம்மா, இப்ப நீங்க காட்டணும். அத்தை காட்டுவாங்க லா" என்றாள். காட்டினேன். சிரித்தாள். பிறகு, "அத்தை ஏன் போன் பண்ணல? என் மேல கோவமா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் என்ன சொல்ல?

ஹரி ராயா நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு, சனிக்கிழமை காலை பஸ்ஸில் அவளை ஏற்றிவிடுகிறேன். வேண்டாம் என்று நீங்கள் எழுதும் பதில் எனக்கு வந்து சேர்வதற்குள் அவள் உங்கள் வாசலில் நிற்பாள்.

சோற்றுக்கு உப்புப் போடுங்கள். எனக்குத் தூங்க வேண்டும்.

உங்கள்,
கலா