புரியாது என்று சொன்ன பாட்டு

நைலான் துணியில் இஸ்திரிச் சூடு கொஞ்சம் கூடிவிட்டால் ஒரு தீய்ந்த வாடை வரும். இன்று மதியம் லாண்டரியில் புதிதாகச் சேர்ந்த நேப்பாளிப் பெண் யாரோ ஒரு விருந்தாளியின் கோட்டைக் கருக்கிவிட்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். தேற்ற வேண்டிய நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். உன் நினைப்பு வந்துவிட்டது.

உன் மஞ்சள் கோட்டையும் நான் இப்படித்தான் கருக்கினேன். செல்போனில் கேமரா வந்த புதிது. துபாயில் இதே ஹோட்டலில் பாடுவதற்கு லண்டனிலிருந்து வந்திருந்தாய். ராப் பாடுகிற பெண், பெரிய ஆள், கவனம் என்று சூப்பர்வைசர் சொல்லி வைத்திருந்தார். அந்தக் கவனத்தில்தான் இஸ்திரிச் சூட்டைக் குறைக்க மறந்தேன். நீயே கீழே இறங்கி வந்தபோது வேலை போயிற்று என்று நினைத்தேன். "ஐயோ மாதாவே, என்ன செய்யப்போறேன்" என்று நான் முணுமுணுத்தது உன் காதில் விழுந்துவிட்டது.

"அக்கா, நீங்கள் தமிழோ?" என்றாய். கருகின இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனி இதுதான் ஃபேஷன், விடுங்கோ" என்று சிரித்தாய்.

அதன்பிறகு நாலு நாளும் ரிகர்சல் முடிந்தால் நேரே லாண்டரிக்குத்தான். துணி மூட்டைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்து அஜ்மானில் நான் தங்கியிருந்த ரூமிலிருந்து கட்டிவந்த மீன்குழம்புச் சோற்றில் பாதியைத் தின்பாய். மேலே ஆறு வகைச் சாப்பாடு இருக்கிறது, எதிரே உட்கார ஆளில்லை என்பாய். தம்பியின் படுக்கையறையில் பதிவு செய்த முதல் பாட்டு ஒரே கோடையில் உன்னை லண்டன் முழுக்கக் கொண்டுபோன கதையைச் சொன்னாய். பத்திரிகைக்காரர்கள் உன் பாட்டைவிட உன் உடுப்பைப் பற்றித்தான் அதிகம் எழுதினார்களாம். ரேடியோக்காரர்கள் தமிழ் வரிகளை வெட்டிவிட்டுப் போட்டார்களாம். தமிழ் விழாவுக்குப் போனால், பொம்பளைப்பிள்ளை இப்படிக் கத்தலாமா என்று கேட்டார்களாம். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் அம்மா லண்டனுக்குப் போகும் முன் குவைத்தில், ஃபஹாஹீலில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவர். அவருக்காக எழுதிய பாட்டை வளைகுடா மண்ணில்தான் முதலில் பாடுவது என்று வைத்திருந்தாய். மேசையில் தாளம் போட்டு எனக்குப் பாடிக் காட்டினாய்.

"அலுமாரிக்குள்ள என்ர பாஸ்போட் நித்திரை,
எழுப்பிவிட என்னட்டச் சாவியில்லை."

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அழுதேன். என் பாஸ்போர்ட்டும் அப்போது ஆபீஸ் அலமாரியில்தான் இருந்தது. அப்பா இறந்தபோது கேட்டுக் கேட்டு அதைக் கையில் வாங்குவதற்குள் ஊரில் அடக்கம் முடிந்துவிட்டது. இதை நான் சொன்ன ஒரே ஆள் நீ.

நிகழ்ச்சி அன்று காலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு விட்டார். நீயும் அங்கே இருந்தாய். பாடப்போகும் வரிகளை முன்கூட்டியே கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அம்மா பாட்டை ஒரு தாலாட்டு என்று எழுதிக் கொடுத்திருந்தாய். தமிழ் தெரிந்த ஹோட்டல் ஆள் ஒருத்தி ஆமாம் என்று சொன்னால் போதும். அவர் நாற்காலிக்குப் பின்னால் என் பாஸ்போர்ட் இருந்த அந்த அலமாரி. தலையாட்டினால் பாட்டு மேடை ஏறும். நாளைக்கு யாராவது அர்த்தம் கண்டுபிடித்தால் நான் வேலை போய் ஊருக்கு விமானம் ஏறுவேன். ஊர்க் கோயிலில் தங்கச்சி கல்யாணத்தை அப்போதுதான் ஓலை வாசித்து அறிவித்திருந்தார்கள்; செலவெல்லாம் என் சம்பளத்தில்.

"அது இலங்கைத் தமிழ் சார். எங்க தமிழ் வேற. எனக்குப் புரியல்ல" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து அந்தப் பாட்டை நீயே அடித்துவிட்டுத் தாளை அவரிடம் நீட்டினாய். அன்று மாலை மற்றப் பாட்டுகளுக்கெல்லாம் கூட்டம் ஆடியது. நான் மேடைக்குப் பின்னால் சர்வீஸ் கதவோரம் நின்று கேட்டேன்.

இனிக் கூப்பிட மாட்டாய் என்றுதான் இருந்தேன். மாதம் ஒருமுறை கூப்பிட்டாய். சாப்பிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்பாய். இரண்டாவது இசைத்தட்டு போகவில்லை, கம்பெனி கைவிட்டுவிட்டது, இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டெழுதச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றெல்லாம் சொன்னாய். உடம்புக்கு முடியவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தக் காலையைப் பற்றி நீ ஒருநாளும் பேசவில்லை. இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நான் ஒவ்வொரு முறையும் நினைப்பேன். பேச்சு மீன், குளிர் என்று போய்விடும். என் கோழைத்தனத்துக்கு நான் வேறு பெயர் வைக்கப் போவதில்லை.

பிறகு ஒருநாள் உன் எண்ணிலிருந்து உன் தம்பி பேசினான். நீ போய் மூன்று நாள் ஆகியிருந்தது. அவனுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவும் இல்லை. இறுதிச் சடங்கில் வாசிக்க அந்தப் பாட்டின் அர்த்தம் வேண்டும் என்றான். நீ சொல்லி வைத்திருந்தாயாம்: அஜ்மான் அக்காவைக் கேள், முதல் தடவை கேட்டபோதே அவருக்கு விளங்கிவிட்டது என்று.

என் ஓட்டை இங்கிலீஷில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான். போனை வைத்த பிறகு ரூமில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு லண்டனில் ராப் பாடுகிற ஒரு தோழி இருந்தாள் என்றால் சிரிப்பார்கள்.

இப்போது வேலை நேரத்தில் அதைச் சத்தமாகவே பாடுகிறேன். என்ன பாட்டு என்று யார் கேட்டாலும் முழு அர்த்தமும் சொல்கிறேன். எனக்குப் புரிந்தது என்று உன்னிடம் மட்டும்தான் சொல்லாமல் போனேன்.