வெளிச்சம் வந்த துறை

ஜனவரி 18
இன்றும் விடியுமுன் தங்கை பார்கவியோடு ஆற்றுக்குப் போனேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளுக்கு ஒரு மார்பு இல்லை. புண் ஆறிவிட்டது, குளிக்கலாம் என்கிறார் டாக்டர். ஆனால் வீட்டுக் குளியலறைக்குள் போகவே மறுக்கிறாள். அங்கே சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தேன். ஆற்றில் மட்டும் கழுத்துவரை இறங்கிக் கிடக்கிறாள்.

"இங்க குனிஞ்சு என் உடம்ப நானே பாக்க வேண்டாம்க்கா."

எங்கள் துறையில் கிழக்கு வெளுக்கும்வரை பெண்கள். வெளுத்த பிறகே ஆண்கள் படியிறங்குவார்கள். யார் வைத்த வழக்கமோ.

பிப்ரவரி 6
பழைய படித்துறையைப் புதுப்பிக்கிறார்கள். பெயர்ந்த கற்களைச் சரிசெய்கிறார்கள் — நல்லதுதான், பாசியில் வழுக்கி விழாதவர் யார்? கூடவே படிக்குப் படி விளக்கு, மேலே உயரமான கம்பங்கள். இரவு முழுக்க எரியுமாம்.

பிப்ரவரி 11
பொறியாளரைப் பார்த்தேன். விடியுமுன் மட்டும் அணைக்க முடியுமா என்று கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"லேடீஸ் பாதுகாப்புக்குத்தான் மேடம் லைட்டே போடுதோம். நீங்களே இருட்டு வேணும்னா எப்படி?"

பதில் இருந்தது. பார்கவியின் உடம்பை அவர் மேசைமேல் வைக்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 2
திறப்பு விழா. படி அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

மார்ச் 5
இருட்டோடு போனோம். துறையில் ஆண்கள் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களோடு குளிக்கும் மாரிக்கண்ணு மேல்படியில் நின்று, "இன்னும் விடியலையே அண்ணாச்சி, மேல ஏறுங்க" என்றாள். ஒருவர் நுரை முகத்தோடு கம்பத்தைக் காட்டினார்.

"வெளிச்சம் வந்தா எங்க முறைதான தாயி? வந்துட்டுல்லா."

எல்லோரும் சிரித்தார்கள். மாரிக்கண்ணுவும் சிரித்துவிட்டாள். பார்கவி துண்டை மார்போடு இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பி நடந்தாள்.

மார்ச் 9
வயலுக்கு அப்பால் விளக்கில்லாத கரை ஒன்றை மாரிக்கண்ணு காட்டினாள். அங்கே படி இல்லை. அறுவை நடந்த பக்கம் என்பதால் பார்கவியின் இடது கைக்கு இன்னும் பலம் வரவில்லை. சறுக்கும் மண்ணில் எதைப் பிடித்து இறங்குவாள்?

மார்ச் 14
இனி யாரிடம் கேட்பது? என்னவென்று கேட்பது?

மார்ச் 23
பார்கவி இன்று வீட்டிலேயே குளித்தாள். ஜன்னலைத் துணியால் அடைத்து, விளக்கைப் போடாமல். எங்கள் குளியலறைக்கு சுவிட்ச் வெளியே இருக்கிறது. அந்தப் பக்கம் வந்த என் கணவர், விளக்கைப் போட மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று கை நீட்டினார். தடுத்தேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நிற்கும்வரை சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றேன்.