சிம்லாக் குல்லாயின் உட்புறம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
8-5-1968

சிரஞ்சீவி உமாபதிக்கு, உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா கந்தன் ஆசி கூறி எழுதுவது. ஏகாம்பரநாதர் தயவில் நானும் உன் சித்தியும் சௌக்கியம். இங்கே சௌக்கியமில்லாமல் கிடப்பது உன்மேல் நான் வைத்திருந்த நம்பிக்கை ஒன்றுதான்.

சிம்லாவில் கடையில் வாங்கியது என்று எழுதி நீ அனுப்பிய சிவப்பு வெள்ளைக் கம்பளிக் குல்லாய் போன மாதம் வந்து சேர்ந்தது. சித்திரை வெயிலில் அதைத் தலையில் வைத்தேன், என் காதிலிருந்து கிளம்பிய ஆவியில் உன் சித்தி ஓர் ஈடு இட்லி அவித்து எடுத்துவிட்டாள். அது போகட்டும். துணி என்று எது கைக்கு வந்தாலும் உட்புறத்தைப் புரட்டிப் பார்க்காமல் விடுகிற நெசவுப் பரம்பரையா நாம்? புரட்டினேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கடைச் சரக்கு ஒரே கையாக இருக்கும், இது அப்படி இல்லை. சந்தேகத்தைச் சித்தியிடம் சொன்னால், என் புள்ள பொய் சொல்லமாட்டான், உன் புத்திதான் கோணல் என்று கரண்டியை ஓங்குகிறாள். தறியில் உட்காராதவன் சேலைக்குத் தீர்ப்புச் சொல்லலாமா? ஆகவே இதைக் கற்றே தீர்வது என்று சபதம் எடுத்தேன்.

பட்டாளத்து ஊர்களில் புருஷனோடு இருந்துவிட்டு வந்த எதிர்வீட்டுக் கங்கையம்மாளுக்குப் பின்னல் தெரியும். முதலில் மணிக்கட்டுக்கு ஒரு சின்னப் பட்டை பின்னச் சொன்னாள். இரண்டு நிறம் என்றதும் நானும் சித்தியும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம், சிவப்பு நூல் அவள் கையில், வெள்ளை நூல் என் கையில். சேலையில் உடலுக்கு ஒரு நிறம் கரைக்கு ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்தால் நமக்குத் தறியில் ஆளும் இரண்டு வேண்டுமல்லவா. கங்கையம்மாள் சிரித்த சிரிப்பில் காமாட்சியம்மன் கோயில் யானை மிரண்டிருக்கும். இன்னாய்யா, புருஷனும் பொண்டாட்டியும் கயிறு இழுக்கிறீங்களா, ரெண்டு நூலையும் ஒரு ஆளே புடிக்கணும், பூவுக்கு வேண்டாத நிறம் பின்னாடி ஓடும், அந்த நூலைத் தொங்கலா விடுங்க என்றாள். விட்டால்தானே! தளர்ந்த நூலைக் கண்டால் இழுத்துப் பிடிக்கிற கை நம்முடையது. பட்டை சுருங்கிச் சுருங்கி, கடைசியில் பூனையின் வாலில்கூட நுழையவில்லை.

அந்தச் சுருக்கத்தைக் கண்டதும்தான் எனக்குப் பொறி தட்டியது. குல்லாயை மறுபடி புரட்டினேன். அடிப்பக்கம் பழகிய கை, நூல் இளகலாக அழகாக ஓடுகிறது. உச்சியிலும் அதே கை. நடுவில் ஒரு வரிசைப் பூ மட்டும் எங்கள் பட்டையைப் போலவே இழுத்துக்கொண்டு முகம் சுளிக்கிறது. அடே, சிம்லாவில் பிள்ளையார்பாளையத்துக் கை வேறு எவனுக்கு இருக்கிறது? ஆபீசு முடிந்து யார் பக்கத்தில் உட்கார்ந்து நீ ஊசி பிடித்தாய்? இதைக் காட்டியதும் சித்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, நம்ம புள்ள போட்ட கோணலைப் பிரிக்காம அப்படியே உட்டுக்கிறா பாரு, நல்ல பொண்ணாத்தான் இருக்கும் என்றாள்.

இப்போது விளையாட்டை நிறுத்துகிறேன். வைகாசி பிறந்ததும் உனக்குத் தட்டு மாற்றலாம் என்று கைலாசத்திடம் வாக்குக் கொடுத்திருக்கிறோம். அவர் மகள் கலாவதிக்கு ஆரணியிலிருந்து வந்த நல்ல இடத்தை நமக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என் சந்தேகம் பொய் என்றால் ஒரு வரி எழுது, உன் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்கிறேன். மெய் என்றால் அதையும் எழுது. கைலாசம் வீட்டு வாசலில் நின்று விழுகிற வசவையெல்லாம் நானே வாங்கிக்கொள்கிறேன், எனக்கு அது மாலை மரியாதை. வாயை மூடிக்கொண்டு மட்டும் இருந்துவிடாதே. உன் வெட்கத்துக்காக இன்னொரு வீட்டுப் பெண் காத்துக்கொண்டிருக்கக் கூடாது.

குளிரில் வெந்நீரிலேயே குளி. எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ்க. கடிதம் கண்டதும் பதில் போடு, அதில் அவள் பெயரை முதலில் எழுது, சித்தி கேட்கிறாள்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
கந்தன்