வாப்பா பேரில் ஓடும் வண்டி

சங்கரன்கோவில்
14-9-2025

அன்பு மகன் அஃப்ரோஸுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அந்த ஊர்க் குளிரிலும் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அல்லாஹ் வைத்திருக்கட்டும். இங்கே நானும் உன் தங்கை ரைஹானாவும் உடம்பால் நன்றாக இருக்கிறோம், மனதால் என்று எழுத இந்த வாரம் கை வரவில்லை. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், அதில் உன் கையெழுத்து வேண்டும். எதற்கு என்பதை போனில் அரைகுறையாகச் சொன்னால் நீ பயந்துவிடுவாய், முழுதாகச் சொல்ல எனக்கு வாய் வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் அடிபடவில்லை.

ரைஹானாவுக்குக் கார் பார்க்கத் தொடங்கிய கதை உனக்குப் பாதி தெரியும். மே மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது, ஆகஸ்டில் லைசென்ஸ் வந்துவிட்டது. கோவில்பட்டிப் பக்கம் கல்லூரி, செய்முறை வகுப்பு முடிந்து கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு அவள் வந்து இறங்கும்போது மஃரிப் தாண்டி இருட்டிவிடுகிறது, அதனால்தான் கார் என்ற பேச்சே வந்தது. நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். ஆறு ஏர்பேக்கும் பின்பக்கக் கேமராவும் உன் ஊருக்குச் சரி. நான் தேடியது நம் ஊர் ஒர்க்‌ஷாப்பிலேயே பழுது பார்க்கக்கூடிய, வருடா வருடம் இன்சூரன்ஸ் கையைக் கடிக்காத ஒரு சின்ன வண்டி, இரண்டு ஏர்பேக்காவது இருக்க வேண்டும். நம் தெருமுனை இன்சூரன்ஸ் ஏஜென்ட் சுந்தரராஜ் அண்ணாச்சியை உனக்கு நினைவிருக்கும். அவர்தான் பொறுமையாக விளக்கினார். எஞ்சின் ஆயிரம் சிசிக்குள் இருந்தால் அடுத்தவருக்கான இன்சூரன்ஸ் குறைவு, நம் வண்டிக்கான இன்சூரன்ஸ் அதன் விலையையும் வயதையும் பொறுத்தது என்றார். ஓட்டப்போவது பதினெட்டு வயதுப் பெண் என்று எங்கே எழுத வேண்டும் என்று கேட்டேன். "எங்கயும் எழுத வேண்டாம் டீச்சர். எஞ்சினு எத்தன சிசின்னுதான் கேக்கான், ஓட்டுதவுக வயசெல்லாம் ஒரு பயலும் கேக்கமாட்டான்" என்றார். நம்பாமல் இரண்டாவது தடவையும் கேட்டேன், அதே பதில். நீ அங்கே முதல் கார் வாங்கியபோது உன் வயதுக்காகவே காரின் விலையை விட இன்சூரன்ஸ் அதிகம் கேட்டார்கள் என்று புலம்பினாயே, நீ பிரேக்கை எப்படி மிதிக்கிறாய் என்று வேவு பார்க்க வண்டிக்குள் ஒரு பெட்டி கூட வைத்தார்களே. இங்கே அந்தக் கேள்வியே கிடையாது. லேபில் ஒரு பிள்ளை கையில் ஆசிட் பாட்டிலைக் கொடுக்கும்போது பாட்டில் அரை லிட்டரா ஒரு லிட்டரா என்று மட்டும் கேட்டுக்கொள்வது மாதிரி இருந்தது எனக்கு. இதற்கே நான் இரண்டு நாள் திகைத்துப் போயிருந்தேன். இதைவிடப் பெரியது பின்னால் வரும் என்று தெரியவில்லை.

குருவிகுளத்தில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சுடலைமணி என்பவரிடம் ஒரு சாம்பல் நிற வண்டி இருப்பதாக அண்ணாச்சி சொன்னார். ஐந்து வருடம் ஓடியது, சின்ன எஞ்சின். எந்தப் பழைய வண்டியையும் வாங்குவதற்கு முன் அரசாங்கத்தின் செயலியில் நம்பரைப் போட்டுப் பார்க்கச் சொல்லி நீதான் எழுதியிருந்தாய். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். அந்தச் செயலி உண்மையைத்தான் சொல்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும், அதனால் எனக்கு விடை தெரிந்த ஒரு நம்பரை முதலில் போட்டேன். நம் பழைய வெள்ளைக் காரின் நம்பர். வாப்பா மௌத்தாவதற்கு மூன்று வருடம் முன்னால் கரிவலம்வந்தநல்லூர் பூ விவசாயி காளிராஜுக்கு விற்றோமே, அந்தக் கார். காளிராஜ் என்று வரும் என்று காத்திருந்தேன். எழுத்துகளுக்கு நடுவே நட்சத்திரக் குறிகளைப் போட்டுப் பாதியை மறைத்து ஒரு பெயர் வந்தது. மறைத்தாலும் எனக்குத் தெரியாதா? முகம்மது சாதிக், உன் வாப்பா. கீழே, இன்சூரன்ஸ் 2019இல் முடிந்துவிட்டது என்றிருந்தது. அதற்கும் கீழே, பதிவு நடப்பில் உள்ளது என்றிருந்தது. ஆள் போய் நான்கு வருடமாகிவிட்டது, பெயர் நடப்பில் இருக்கிறது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் போட்டேன். மறுபடியும் அவர்தான் வந்தார்.

விற்ற அன்று நான் பக்கத்தில்தான் நின்றேன், காளிராஜுக்கு டீ கொடுத்தேன். எதையும் நிரப்பாத பாரங்களில் உன் வாப்பா கையெழுத்துப் போட்டு, சாவியோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் விற்கிறார்கள், வாங்கினவர் போய்ப் பெயர் மாற்றிக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். மற்ற நேரமெல்லாம் எதையும் நம்பாதவள் நான், எம்.எஸ்ஸி. படித்தவள், அன்றைக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. சுந்தரராஜ் அண்ணாச்சியிடம் போனைக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "டீச்சர், இந்த வண்டி எவன் மேல இடிச்சாலும் கேஸு சாதிக் பாய் பேருலதான் வரும். பாய் இல்லைன்னா ஒங்க மூணு பேர தேடி வரும். இன்சூரன்ஸும் இல்ல. இருக்க வீட்டு மேலதான் கைய வைப்பாவ" என்றார். ஆறு வருடமாக நாம் அந்த ஆபத்துக்கு அடியில்தான் தூங்கி எழுந்திருக்கிறோம்.

அன்று மத்தியானமே அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு கரிவலத்துக்குப் போனோம். ரைஹானா தலைவலி என்றாள், நான்தான் வற்புறுத்தி ஆட்டோவில் ஏற்றினேன். வேப்பமரத்தடியில் வண்டி நின்றது, பின் சீட்டைக் கழற்றிப் பூக்கூடை வைக்க இடம் பண்ணியிருந்தார்கள், உள்ளே மல்லிகை வாசம். காளிராஜ் ஓடி வந்து, "வாங்க டீச்சர், வாங்க வாங்க, ஏட்டி முத்துத்தாயி, பாய் வீட்டு ஆளுக வந்துருக்காவ, கலர் வாங்கிட்டு வாட்டி" என்று பெண்சாதியை விரட்டினார். பெயரை ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். தப்பு செய்தவர் முகம் இல்லை அது, பெருமையாகச் சொன்னார். "மாத்துவனா டீச்சர்? பாய் பேரு ராசியான பேருல்லா. இந்த வண்டி வந்ததுல இருந்து ஒரு நாளு எம் பூவு மார்க்கெட்ல தங்குனது கெடையாது. பேர மாத்துனா ராசியும் கூடப் போயிருமேன்னு அப்படியே வச்சிருக்கேன்" என்றார். கலர் பாட்டில்களோடு வந்த முத்துத்தாய், "கல்யாணமாயி இருவது வருசமாச்சு, ரேசன் கார்டுல இன்னும் எம் பேர சேக்கல இந்த மனுசன், காருக்குப் பேரு மாத்தப் போறாராக்கும்" என்றாள். சிரிப்பு வரவேண்டிய இடம், எனக்கு வரவில்லை. ராசியில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒரு நல்ல மனிதர் மரியாதை என்று நினைத்துக்கொண்டே நம் வீட்டை இப்படி நடுரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்க முடியும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வண்டியை யாரெல்லாம் ஓட்டுகிறீர்கள் என்று அண்ணாச்சி கேட்டார். "நான் ஓட்டுவேன், எம்மவ ப்ரியதர்ஷினி ஓட்டுவா. ரெண்டு வருசமா காலைல மார்க்கெட்டுக்கு அவதான். வார தையிலதான் பதினெட்டு, ஆனா நம்மள விட நல்லா ஓட்டுவா" என்றார். ப்ரியதர்ஷினி யார் தெரியுமா, ப்ளஸ் டூவில் ரைஹானாவோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். அவளும் அப்போது வாசலில்தான் நின்றாள்.

இதோடு முடியவில்லை. பெயர் மாற்றத் தேவைப்படும் என்று சேஸிஸ் நம்பரைப் படம் எடுக்க வண்டியை வெயில் படும் இடத்துக்குக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார் அண்ணாச்சி. காளிராஜ் உள்ளே காகிதம் தேடப் போயிருந்தார், கதவருகே நின்றது ரைஹானாதான், லைசென்ஸ் வாங்கினவளாயிற்றே என்று அண்ணாச்சி அவளிடமே சாவியைக் கொடுத்தார். உட்கார்ந்தாள். கீழே பார்க்காமல் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு மஞ்சள் நைலான் கயிற்றைப் பிடித்து இழுத்தாள், சீட்டு முன்னால் வந்தது. நம்மிடம் அந்த வண்டி இருந்தபோது அங்கே கயிறு கிடையாது, இரும்புப் பிடிதான். பிடி உடைந்து போன வருடம்தான் கயிறு கட்டினதாகக் காளிராஜ் பிறகு சொன்னார். நான் கயிற்றைப் பார்த்தேன், ப்ரியதர்ஷினி தரையைப் பார்த்தாள், ரைஹானா கயிற்றைக் கையிலிருந்து விட்டாள்.

வீட்டுக்கு வந்துதான் கேட்டேன். ப்ளஸ் டூ முழுவதும் சனிக்கிழமை டியூஷன் என்று போன நாளெல்லாம் இரண்டு பேரும் கண்மாய்க்கரையில் இருந்து ராயகிரி ரோடு வரைக்கும் ஓட்டியிருக்கிறார்கள். பதினேழு வயதில், லைசென்ஸும் இன்சூரன்ஸும் இல்லாத வண்டியில். டிரைவிங் ஸ்கூல்காரர் இவ்வளவு சீக்கிரம் பழகிய பிள்ளையைப் பார்த்ததில்லை என்று சொன்னபோது நான் பூரித்துப் போனேனே, அந்தப் பெருமை எனக்கு இப்போது முள்ளாகக் குத்துகிறது. ஏன் போனாய் என்று கத்தினேன். நான் கத்தி நீ கேட்டிருக்கமாட்டாய். அவள் அழவில்லை. "கார் ஓட்டணும்னு போகல உம்மா. டேஷ்போர்டுல ஆர்சி கெடந்துச்சு, அதுல வாப்பா பேரு இருந்துச்சு. கரண்ட் பில்லு, கேஸ் புக்கு, வீட்டு வரி, எல்லாத்துலயும் நீங்க வாப்பா பேர எடுத்துட்டீங்க. அதுல மட்டுந்தான் இருந்துச்சு" என்றாள். அடிக்க ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஃபேன் ஸ்விட்சைப் போட்டேன். வாப்பா போன மூன்று மாதத்துக்குள் எல்லாக் காகிதத்தையும் என் பெயருக்கு மாற்றி முடித்தவள் நான். யார் தயவும் இல்லாமல் செய்ததில் ஒரு கர்வமும் இருந்தது. பக்கத்தில் ஒரு பிள்ளை ஒவ்வொன்றாகக் கவனித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

நடந்ததைச் சொல்லிவிட்டேன், இனி நடக்க வேண்டியது. காளிராஜ் வண்டியின் பேட்டரியைக் கழற்றச் சொல்லி ஆட்டோவில் எடுத்து வந்துவிட்டேன், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் இருக்கிறது, அண்ணாச்சி இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். வண்டி முதலில் வாரிசுகள் சம்மதத்தோடு என் பெயருக்கு வரவேண்டுமாம், அதன் பிறகுதான் காளிராஜ் பெயருக்கு மாற்ற முடியுமாம். வாரிசுச் சான்றிதழில் இருப்பது மூன்று பேர். அதற்கான தாள்தான் இது. காளிராஜ் பூவை லோடு ஆட்டோவில் அனுப்பிக்கொண்டிருக்கிறார், காலையில் போன் செய்து "கையெழுத்து வந்துட்டா டீச்சர்" என்று கேட்கிறார். பேரு மாறினாலும் ராசிக்காகச் சாவியை மட்டும் என் கையால் தர வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன், எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. குருவிகுளத்து வண்டியைப் பார்த்தோம், நன்றாகவே இருக்கிறது. பெயர் மாறி, இன்சூரன்ஸும் மாறின பிறகுதான் சாவியை வாங்குவேன் என்றேன். "நம்ம மேல நம்பிக்கை இல்லியா டீச்சர்" என்றார் சுடலைமணி. நம்பிக்கை இருப்பதால்தான் என்றேன், அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அதுவரைக்கும் ரைஹானா பஸ்ஸில்தான் போவாள், அதை நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள். நீயும் உன் முதல் காரை அறையில் கூட இருந்த நண்பனுக்குக் கொடுத்தாயே, அவன் பெயருக்கு மாறிவிட்டதா என்று இன்றைக்கே பார்.

தாளில் என் கையெழுத்தும் ரைஹானா கையெழுத்தும் இருக்கிறது. போன வருடமாக இருந்தால் அவளுக்காக நான் போட வேண்டியிருக்கும், இப்போது அவளே போட்டாள், பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது இடம் உனக்கு. அங்கே நோட்டரி முன்னால் போடு. பெயர், தேதி, முகவரி எல்லாவற்றையும் முதலில் நிரப்பு, தேவையில்லாத கட்டங்களில் கோடு இழு, ஒரு இடத்தையும் வெறுமையாக விடாதே. இந்தத் தாள் போய்ச் சேர்ந்துவிட்டால் உன் வாப்பா பேரில் இந்த உலகத்தில் எதுவும் ஓடாது. அதை நினைத்து இரண்டு நாள் தள்ளிப்போடலாம் என்று உனக்குத் தோன்றும். எனக்கு மூன்று நாள் தோன்றியது. தள்ளிப்போடாதே, கிடைத்த அன்றே போட்டு அனுப்பு.

ஃபஜ்ர் தொழுகையை விட்டுவிடாதே, காது மூடுகிற தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. நீ போகிற வழியிலும் உன் எதிரே வருகிறவர்கள் வழியிலும் அல்லாஹ் காவலாக இருக்கட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
உன் உம்மா
ஷிரின் பானு